டிக்கியில் 24 மணி நேரமும் கரன்ட்: எங்கிருந்து எடுக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம். டிக்கியில் சின்னதாக ஒரு கார் ஃப்ரிட்ஜ். உள்ளே குழந்தைக்குப் பால், அப்பாவுக்கு இன்னும் திறக்காத இன்சுலின் பேனாக்கள். டிக்கியிலேயே 12 வோல்ட் சாக்கெட் இருப்பதால் அதில் பிளக்கைச் செருகியாயிற்று. இரவு திருச்சியில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் இல்லை. சாவியை எடுத்த அடுத்த நொடியே சாக்கெட்டுக்கு வந்த கரன்ட் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

காரில் இரண்டு விதமான கரன்ட் ஓடுகிறது. ஒன்று, இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் வருவது. மற்றொன்று, வண்டி பூட்டிக் கிடந்தாலும் பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டே இருப்பது. சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம் எல்லாம் இரண்டாவது வகையில்தான் உயிர் வாழ்கின்றன. வாகன ஒயரிங் வரைபடங்களில் முதலாவதற்கு 15 என்றும், இரண்டாவதற்கு 30 என்றும் எண் போட்டிருப்பார்கள். ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த எண்கள் இவை. நம்மூர் எலெக்ட்ரீஷியன்கள் ‘டைரக்ட் கரன்ட்’, ‘சாவி கரன்ட்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

டிக்கி சாக்கெட்டைப் பல நிறுவனங்கள் சாவி கரன்ட்டில் வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. பேட்டரி கணக்கு அப்படி.

ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-ஹவர். அதில் பாதியைத் தாண்டி உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆவதும் சந்தேகம். ஆக, கையில் இருப்பது 17 சொச்சம்தான். கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி ஒன்றரை என்று வைத்தாலும், 10 மணி நேரத்தில் 15 போய்விடும். ஒரே ராத்திரி! விலை மலிவாகக் கிடைக்கும், கம்ப்ரஸர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் பெட்டிகள் இன்னும் மோசம். பெரும்பாலானவை நிறுத்தாமல் 4 ஆம்பியர் இழுக்கும். விடியும் முன்பே பேட்டரி காலி. அதோடு, அவை வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி வெயிலில் அந்தப் பெட்டியை நம்பி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினை வைக்கவே கூடாது.

டேஷ்கேம் விஷயத்தில் கதை வேறு. பார்க்கிங் மோடில் அது இழுப்பது 0.3 ஆம்பியர் அளவுதான். ஒரு ராத்திரிக்கு 3 ஆம்பியர்-ஹவர், பயமில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் வண்டியை விட்டுவிட்டு நாலு நாள் ஆபீஸ் டூர் போனால்? 96 மணி நேரத்துக்கு 29 ஆம்பியர்-ஹவர். நள்ளிரவு ஃப்ளைட்டில் இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

சரி, கரன்ட்டை எங்கிருந்து எடுப்பது?

“பூட் லைட்ல இருந்து ஒரு ஒயர் தட்டிடலாம்ணே, அரை மணி நேர வேலை” என்பதுதான் ஆக்சஸரி கடைகளில் முதலில் கிடைக்கும் யோசனை. பாதி சரி. பல கார்களில் டிக்கி விளக்குக்கு எப்போதும் கரன்ட் வரும்; கதவைத் திறக்கும்போது எர்த் பக்கம் மட்டும் இணையும். ஆனால் அந்த ஒயர் நூல் போல மெலிசு. ஃபியூஸும் பெரும்பாலும் உள்விளக்கு மாதிரி வேறு எதனுடனாவது பங்கு போட்டது. பின்பக்க டேஷ்கேமுக்குத் தாங்கும், ஃப்ரிட்ஜுக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ தாங்காது. இன்னொரு சிக்கல், புதிய கார்களில் வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் கழித்து கம்ப்யூட்டரே அந்த லைனை அணைத்துவிடும். மல்டிமீட்டரை வைத்ததும் 12 காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது. டிக்கி கதவின் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியதுபோல் ஏமாற்றி, காரைப் பூட்டி, அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 12 இருந்தால்தான் அது டைரக்ட். (கையோடு லாக்கை மறுபடி திறந்துவிட்டுத்தான் டிக்கியைச் சாத்த வேண்டும். இதை மறந்து அடித்துச் சாத்தியவர்கள் உண்டு.)

ஃப்ரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றுக்கு ஒரே வழி, பேட்டரியிலிருந்து தனி ஒயர். இங்கே முதல் விதி ஃபியூஸ். அது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். டிக்கி முனையில் மட்டும் ஃபியூஸ் போட்டுவிட்டு, “அதான் ஃபியூஸ் இருக்கே” என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது ஃப்ரிட்ஜை அல்ல, ஒயரை. நடுவில் சீட்டுக்கு அடியில் ஒயர் உரசித் தகடில் பட்டால், பேட்டரி தன் மொத்த பலத்தையும் அதில் கொட்டும். மேட், ஃபோம் எல்லாம் பற்றிக்கொள்ள சில நொடிகள் போதும்.

அடுத்து ஒயரின் தடிமன். பானெட்டிலிருந்து டிக்கி வரை சுமார் 5 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் போனால் வழியிலேயே 0.4 வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரியில் 12.4 இருக்கும்போதே, 12 கூட வரவில்லையே என்று ஃப்ரிட்ஜ் தானாக ஆஃப் ஆகும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். நெகட்டிவுக்கு டிக்கியிலேயே பாடியில் பெயின்ட் சுரண்டிய போல்ட் போதும். பேட்டரி நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள கார்களில் அந்த முனையில் நேரடியாக எதையும் மாட்டவே கூடாது. சார்ஜ் கணக்கு குழம்பிவிடும்.

கை வைக்கக் கூடாத இடங்கள் மூன்று. மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக். ஆரஞ்சு கேபிள் என்றால் எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களின் உயர் மின்னழுத்தம். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் அதன் வால்வு, பைப் பக்கம் சாக்கெட், ரிலே எதுவும் வேண்டாம். வாரன்டி பாக்கியுள்ள காரில், ஒயரை வெட்டும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இதோடு, வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் ஒன்று கண்டிப்பாக வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 காட்டும், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி காலி. டேஷ்கேம் கிட்களில் 12.2-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது, 11.6 வரை இறங்கவிடும் செட்டிங், இரண்டு வருடம் ஓடிய பேட்டரிக்கு ஆகாது.

இவ்வளவும் செய்தாலும் அந்த ஹேட்ச்பேக் குடும்பத்துக்கு டிக்கி ஃப்ரிட்ஜ் ஓர் இரவுதான் தாங்கும், அதுவும் இழுபறியாக. ஃப்ரிட்ஜுடன் 230 வோல்ட் அடாப்டர் வந்திருந்தால், பெட்டியை ரூமுக்கே தூக்கிக்கொண்டு போய் அங்கே சொருகிவிடலாம். இன்சுலினுக்கு அதுதான் பத்திரம். அடாப்டர் இல்லையென்றால், ரிசப்ஷனில் சொல்லி லாட்ஜ் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லலாம். ஃப்ரீசரில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

புது ஒயரிங் போட்டவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு வாசலில் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, காரைப் பூட்டி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.2-க்குக் கீழே காட்டினால் கட்-ஆஃப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒயரிங் போட்டவரிடமே வண்டியைத் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.