க்ரூஸில் ஒரு கருங்கல் வீடு

ஓய்வு பெற்ற பிரெஞ்சு மொழி ஆசிரியை ஒருவர், சென்ற ஆண்டு தம் கணவருடன் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். கையில் ஒரு நிழற்படம். பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள க்ரூஸ் மாவட்டத்தில், சிற்றூர் ஒன்றில் உள்ள கருங்கல் வீடு. பின்புறம் ஆப்பிள் மரங்கள்.

"நம் ஊரில் ஓர் அடுக்ககத்துக்குக் கேட்கிற விலையில் பாதிகூட இல்லை, சார். வைப்பு நிதியை முடித்துப் பணத்தை அனுப்பிவிடலாமா?" என்றார் கணவர்.

விலை மலிவாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் க்ரூஸ் மாவட்டத்து ஆடவர், பாரிஸ் நகரைக் கட்டியெழுப்பும் கொத்து வேலைக்குத் திரள்திரளாகச் சென்றனர். நாளடைவில் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். 1851இல் ஏறத்தாழ 2.87 லட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று 1.2 லட்சத்துக்கும் குறைவு. மக்களைத் தொடர்ந்து கடைகளும் மருத்துவர்களும் வெளியேறினர். மருத்துவர் கிடைக்காத இத்தகைய பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களே 'மருத்துவப் பாலைவனம்' என்கின்றனர். அறுபதைக் கடந்தவர்கள் வீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வீடு வாங்கினால் குடியிருக்கும் உரிமையும் உடன் வந்துவிடும் என்று அத்தம்பதியர் எண்ணியிருந்தனர். அவ்வாறு வராது. 90 நாள்களுக்கு மேல் தங்குவதற்கு நீண்டகால விசா வேண்டும். 'வருகையாளர்' வகை விசாவில் செல்பவர் அங்கு வேலை செய்யமாட்டேன் என்று உறுதியளிக்க வேண்டும். வாழ்வதற்குப் போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

இனி, எங்கள் மேசைக்குரிய செய்தி. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வீட்டுக்கான தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வரி மூலத்தில் வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அத்தொகை கைக்கு வாராது. இதற்கென வங்கியில் கடன் கேட்பவர்களும் உளர். வெளிநாட்டில் சொத்து வாங்கப் பணம் அனுப்புவதற்கு வங்கிகள் கடன் தருவதில்லை. நிலையாகக் குடிபெயர்ந்த பின் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பிரான்சில் வீட்டுப் பத்திரம் 'நோத்தேர்' எனப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அலுவலர் முன் எழுதப்படுகிறது. பழைய வீடானால் வரியும் கட்டணமுமாக விலையில் சுமார் 8 சதவீதம் கூடும். மலிவான வீட்டுக்கு விகிதம் இன்னும் உயரலாம். முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னும், வாங்குபவர் மனம் மாறுவதற்கு 10 நாள் அவகாசம் உண்டு.

அம்மையாரைத் தயங்க வைத்தது வேறொன்று. பிரெஞ்சு வாரிசுச் சட்டம் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கை ஒதுக்குகிறது. இரு பிள்ளைகள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குரியது. உயில் எழுதியும் அதை எளிதில் மாற்ற இயலாது. வீட்டைத் தம் பெயரில் மட்டும் வாங்கக் கணவர் எண்ணியிருந்தார்.

"இவருக்குப் பின் நான் பிள்ளைகளின் வீட்டில் குடியிருப்பவளா?" என்று அம்மையார் கேட்டார். யார் பெயரில் வாங்குவது, எந்நாட்டுச் சட்டப்படி உயில் எழுதுவது என்பதை, கையெழுத்திடும் முன்பே நோத்தேரிடம் கேட்டுத் தெளியுமாறு கூறினோம். குளிர்காலம் முழுதும் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்றும் சொன்னோம். கோடையில் எந்தச் சிற்றூரும் அழகுதான்!

நவம்பரில் புறப்பட்டனர். பிப்ரவரியில் அம்மையாரின் மின்னஞ்சல் வந்தது. ஊரில் ரொட்டிக் கடை இல்லை. வாரம் இருமுறை வண்டி வருகிறதாம். கடையில் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் எதையும் கேட்கலாகாது என்பதைக் கணவர் ஒரு முறை கடுமுகம் கண்டு கற்றுக்கொண்டார். ஊர்மன்ற அலுவலகம் வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும். அங்குள்ள எழுத்தர் இப்போது அம்மையாருக்குத் தோழி. ஆறு கன மீட்டர் விறகு எரிந்து தீர்ந்துவிட்டது. கணவரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க 40 கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கிறது.

நிழற்படத்திலிருந்த வீடு இன்னும் விற்கவில்லையாம். கடைசி வரி எங்களுக்கானது: "வைப்பு நிதியை இன்னும் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்துவிடுங்கள்."