விற்பனைக்கு வரும் குற்றப் பதிவுகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 24 டாலரும், அதனுடன் ஒரு சிறு சேவைக் கட்டணமும் செலுத்தும் எவரும் மற்றொருவரின் குற்றப் பதிவை இணையத்தின் மூலம் வாங்கிவிட முடியும். இதனை விற்பது அம்மாநில அரசின் சட்ட அமலாக்கத் துறை. தேடப்படுபவரின் சம்மதம் இதற்குத் தேவையில்லை.

அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்கு உரியவை என்ற புளோரிடாவின் நீண்டகாலக் கொள்கையே இதற்கு அடிப்படை. வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் பெற்றோருக்கும் இது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், வாங்குபவர் கைக்கு வருவது தீர்ப்புகளின் பட்டியல் மட்டுமன்று. கைதான பின்னர் வழக்கு கைவிடப்பட்டிருந்தாலும், அந்தப் பதிவு முறைப்படி மறைக்கப்படவோ நீக்கப்படவோ இல்லையெனில், கைது விவரம் அதில் இடம்பெறும். 'கைது' என்ற சொல்லைக் கண்ட வீட்டு உரிமையாளர் அடுத்த வரியைப் படிப்பாரா என்பது ஐயமே. மறுபுறம், அண்டை மாநிலமான ஜார்ஜியாவில் தண்டனை பெற்ற ஒருவரைப் பற்றி இந்தத் தேடல் எதுவும் கூறாமல் போகலாம். புளோரிடாவின் பதிவுகள் மட்டுமே அதில் உள்ளன.

மத்திய அரசின் எஃப்.பி.ஐ. அமைப்பு இவ்வாறு எல்லோருக்கும் விற்பதில்லை. அதனிடம் உள்ள ஒருவரின் குற்றப் பதிவைச் செய்தியாளர்களுக்கு வழங்க வேண்டியதில்லை என 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளைத் தேடிப் படிப்பது வேறு, அவற்றை ஒரே இடத்தில் திரட்டித் தருவது வேறு என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் அத்தீர்ப்பு மத்திய அரசின் தகவல் பெறும் சட்டம் தொடர்பானது. மாநிலங்களை அது கட்டுப்படுத்தவில்லை.

பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டே புளோரிடாவின் தேடல் நடைபெறுவதால், ஒருவரின் பதிவு மற்றொருவருடையதாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. குடும்பப் பெயர் என்ற வழக்கமின்றி, தந்தையின் பெயரை ஓர் ஆவணத்தில் முன்னும் இன்னோர் ஆவணத்தில் பின்னும் எழுத நேரும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கு ஒரு பெயர் போதும்; தவறைத் திருத்தக் கோருபவரோ தமது கைரேகையைப் பதிந்து தர வேண்டும்.

பென்சில்வேனியா 2018-இல் இயற்றிய சட்டம் இவ்விடயத்தில் ஒரு முன்னேற்றம். அங்கும் மாநிலக் காவல்துறை கட்டணம் பெற்றுப் பதிவுகளை வழங்குகிறது. ஆனால் தண்டனையில் முடியாத வழக்குகளின் பதிவுகள், யாரும் மனுச் செய்யாமலேயே பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படும் நடைமுறை 2019-இல் அங்கு தொடங்கியது. அதற்கு முன்பே விற்கப்பட்ட படிகள், வாங்கியவர்களிடமே இருக்கின்றன.