தலைவலிக்குக் காந்த வைத்தியம்!

"அண்ணி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்!"

குள்ளஞ்சாவடியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. நல்ல பட்டப்பகல். அறையை இருட்டாக்கிக்கொண்டு, நெற்றியில் துணியை இறுகக் கட்டியபடி அவள் சுருண்டு படுத்திருந்தாள். ஒற்றைத் தலைவலி. தாளிக்கும் வாசனை பட்டாலே குமட்டல். கூடத்தில் அவள் மாமியார், "வேலை அதிகமுள்ள நாளாகப் பார்த்துத்தான் இந்தத் தலைவலி வரும்போல!" என்று முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழாமலா இருக்கும்?

வலியைவிட அந்தச் சொல்தானே அதிகம் வலிக்கும்! ஆண்களைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்களை வாட்டும் நோய் இது. காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் நம்புவாரும் குறைவு.

வலி எங்கே இருக்கிறது?

காலில் முள் குத்தினால் வலி காலில் இருப்பதாக நினைக்கிறோம். அதை உணர்வது மூளைதான். கையை இழந்தவர்கள், இல்லாத கையில் வலிப்பதாகத் துடிப்பதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் இவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்றைக் காட்டினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கைபோலத் தெரிந்தது. மூளை ஏமாந்தது, சிலருக்கு வலியும் குறைந்தது!

அப்படியானால், மண்டையைத் திறக்காமலே மூளையைத் தொட்டு வலியைத் தணிக்க முடியுமா?

நெய்வேலி சொல்லும் பாடம்

நாத்தனார் கணவருக்கு நெய்வேலியில் வேலை. அங்கே அனல் மின் நிலையத்தில் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. கூடவே காந்தம் சுழல, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மாறுகிற காந்தம் மின்சாரத்தை எழுப்பும் என்று 1831-ல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை இது.

1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவினரும் இதையே தலைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, இமைப்பொழுதைவிடக் குறைந்த நேரம் மின்சாரம் பாய்ச்சினால், காந்தத் துடிப்பு மண்டை ஓட்டைத் தாண்டி மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தை எழுப்புகிறது. கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. 'டக், டக்' என்ற சத்தமும், யாரோ தலையில் விரலால் சுண்டுவதுபோன்ற உணர்ச்சியுந்தான்.

பலன் உண்டா?

லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 100 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு உண்மையான துடிப்பு. மீதிப்பேருக்குப் போலிச் சிகிச்சை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றே தடவை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் தலைவலி வரும் தடவைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. போலிச் சிகிச்சையிலோ மூன்றில் ஒருவருக்கே அப்படி. நரம்பு பழுதுபட்டு வரும் தீராத வலிக்கும் இம்முறையை டாக்டர்கள் கையாளுகிறார்கள்.

ஆனால் இது மந்திரமல்ல. எல்லோருக்கும் பலிக்காது, பலன் நாளடைவில் தேயவும் கூடும். வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகமோ காதுக்குள் பொருத்திய கருவியோ இதயத்தில் பேஸ்மேக்கரோ உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலருக்கு மாத்திரையே போதும். ஆகவே முதலில் நரம்பு வைத்திய நிபுணரைப் பாருங்கள்.

இன்னொன்று. காந்த வளையல், காந்தப் படுக்கை என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். சும்மா கிடக்கும் காந்தம் மின்சாரத்தை எழுப்பாது!

இதையெல்லாம் அன்று கூடத்தில் உட்கார்ந்து அந்த மாமியாரிடம் விவரமாகச் சொன்னேன். "அப்போ நிஜமாகவே மூளையிலேதான் கோளாறா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். எட்டிப் பார்த்தேன். மருமகளின் அறையில் வெயில் விழுந்த இன்னொரு ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தார்.