ஜொகூர் ஆறும் இரண்டு நாடுகளும்

1942 ஜனவரி 31. மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்கான கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, அக்கரையிலுள்ள ஜொகூர் மாநிலத்திலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் உடைந்தது. இரண்டே வாரத்தில் தீவு சரணடைந்தது. அந்தக் கலக்கம் நெடுங்காலம் தணியவில்லை. 1963 வறட்சியில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. வாளிகளோடு குழாயடியில் வரிசை. 1965இல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது, 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கியது சிங்கப்பூர்.

1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை, ஆயிரம் கேலனுக்கு 3 மலேசிய சென். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் 50 சென்னுக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த 3 சென் இந்தக் காலத்து விலையா என்று மலேசியா கேட்பது நியாயம்தான். சுத்திகரிக்க ஆகும் செலவுக்கு 50 சென் கட்டாது என்று சிங்கப்பூர் சொல்வதையும் தள்ள முடியாது.

ஆனால் அன்றைய அச்சம் வேறு, இன்றைய அச்சம் வேறு. அன்று, அக்கரையில் யாராவது குழாயை அடைத்துவிடுவார்களோ என்ற பயம். இன்று சிங்கப்பூருக்கு, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்து இருக்கின்றன. மூன்றாக இருந்த நீர்த்தேக்கங்கள் பதினேழாகிவிட்டன. இப்போது தளர்ந்து நிற்பது ஆறுதான். மேல்பகுதியில் சிங்கப்பூர் செலவில் கட்டிய லிங்யு நீர்த்தேக்கம் தண்ணீர் விட்டால்தான் கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் நிற்கும். 2016 அக்டோபரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு நீரே மிஞ்சியது. 2019 ஏப்ரலில் ஆறு மாசுபட்டு அமோனியா கூடியபோது சிங்கப்பூரின் சுத்திகரிப்பு நிலையமும் நின்றது, ஜொகூரின் நிலையங்களும் நின்றன. குழாயில் தண்ணீர் வராமல் தவித்தவர்கள் ஜொகூர்க்காரர்கள். விலைப் பேச்சுக்கு முன்னால் கழிவைத் தடுக்கும் பேச்சு நடக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரு நாடுகளும் இணங்கிப் போவது முடியாத காரியமில்லை. 2011இல் 1961 ஒப்பந்தம் காலாவதியானபோது, குனோங் பூலாய், ஸ்கூடாய் சுத்திகரிப்பு நிலையங்களை நல்ல நிலையில், ஒரு காசும் வாங்காமல் ஜொகூரிடம் ஒப்படைத்தது சிங்கப்பூர்.