குழந்தைகளுக்கு ஒரு வழி, லாரிகளுக்கு ஒரு வழி

நியூயார்க்கின் புரூக்ளின் கடலோரத்தில், 30-ஆவது தெருவை ஒட்டிய பழைய துறைமுக மேடையில், 11 ஏக்கர் பரப்பில் சன்செட் பார்க் மறுசுழற்சி ஆலை இருக்கிறது. 2013 டிசம்பரில் திறக்கப்பட்டது. நகரத்து வீடுகள் பிரித்துப் போடும் பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகியவை இங்கே வந்து தரம் பிரிக்கப்படுகின்றன. புரூக்ளின் லாரிகள் நேரே வந்துவிடும். பிராங்ஸ், குயின்ஸ் பகுதிச் சரக்கு தட்டைப் படகுகளில் வரும். வடிவமைத்தவர் அன்னபெல் செல்டார்ஃப், கலைக்கூடங்களுக்குப் பெயர்போனவர். குப்பைக் கொட்டகைக்கு இவர் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

2002-இல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நியூயார்க் நகர நிர்வாகம் பிளாஸ்டிக், கண்ணாடி மறுசுழற்சியை நிறுத்திவிட்டது. 2003-இல் பிளாஸ்டிக்கும் 2004-இல் கண்ணாடியும் திரும்பின. பிரித்துப் போடும் பழக்கம் மட்டும் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. அதன்பின் சிம்ஸ் என்ற மறுசுழற்சி நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டு எழுப்பிய ஆலை இது. வீட்டில் குப்பையைப் பிரிப்பவரின் நம்பிக்கையையும் இந்தக் கட்டடம் மீட்டாக வேண்டியிருந்தது.

நல்லெண்ணத்துக்காக மட்டும் அந்த நம்பிக்கை தேவைப்படவில்லை, இயந்திரத்துக்கும் அது வேண்டும். இப்படிப்பட்ட ஆலைகளில் முதலில் பைகள் கிழிக்கப்படும். சுழலும் தட்டுகள் கொண்ட சல்லடையில் கண்ணாடி உடைந்து கீழே விழும். காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும், மின்சுழல் கருவி அலுமினியத்தைத் தள்ளிவிடும். மிஞ்சும் பிளாஸ்டிக்கின் மேல் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். இது பெட் பாட்டில், இது ஷாம்பூ டப்பா என்று கருவி அடையாளம் கண்டதும் காற்று பீச்சி அதை உரிய பக்கம் தள்ளும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். ஆனால் ஒரு மெல்லிய கேரி பேக் சல்லடையின் தண்டில் சுற்றிக்கொண்டால் வரிசை மொத்தமும் நிற்கும். ஒரு தொழிலாளி உள்ளே ஏறிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். கரி கலந்த கறுப்புத் தட்டு வந்தாலோ அகச்சிவப்பு ஒளியைத் தின்றுவிடும், கருவிக்கு அது கண்ணிலேயே படாது. அதனால், எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று காட்டப் பார்வையாளரை ஆலைக்குள் அழைப்பதை நான் விளம்பரமாகப் பார்க்கவில்லை. தரம் பிரிக்கும் வேலையின் முதல் கட்டம் அது.

அழைத்தால் போதாது, உயிரோடு திருப்பி அனுப்பவும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தரையில் லாரியும் ஓடினால் சுற்றுலா ஒரு நாளோடு முடிந்துவிடும். எனவே வகுப்பறையும் கண்காட்சியும் தனிக் கட்டடத்தில் வைக்கப்பட்டன. அங்கிருந்து லாரிப் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் போகிறது. அதைக் கடந்தால் தரம் பிரிக்கும் கூடத்தை மேலிருந்து பார்க்கும் மேடை. பிள்ளைகளின் வழியும் லாரிகளின் வழியும் எங்கும் குறுக்கிடுவதில்லை. என் பார்வையில் மொத்த வடிவமைப்பின் சாரம் இந்தப் பாலம்தான். கூடத்தின் இரும்பு உத்திரங்களைச் சுவருக்கு வெளியே தெரியவிட்டதும், சூரியத் தகடுகளும், காற்றாலையும் அதற்குப் பிறகுதான்.

நிலத்தைப் பற்றியும் யோசித்தார்கள். உடைந்த கண்ணாடி, பழைய தார், பாறைத் துண்டுகளைக் கொட்டி மனையின் பகுதிகளை 4 அடி உயர்த்தினார்கள். கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடலை உள்ளே கொண்டுவந்தபோது அந்த உயரம் காப்பாற்றியது.

பார்வையாளரை உள்ளே அழைப்பதில் ஜப்பானில் இதைவிடவும் துணிந்தவர்கள் உண்டு. ஹிரோஷிமாவின் நாகா குப்பை எரிப்பு ஆலைக்கு (2004) யோஷியோ தானிகுச்சி வைத்த கண்ணாடி நடைவழி, இயந்திரங்களுக்கு நடுவே புகுந்து கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்கிறது.

இவற்றைப் பார்த்துப் புதிதாக ஆலை வரைபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பளபளக்கும் பாட்டில்கள் அமுக்கிக் கட்டிய பேல்களாக வெளியேறும் காட்சியோடு சுற்றுலாவை முடிப்பது வசதியானது. பெட் பாட்டிலுக்கு வாங்க ஆள் உண்டு, பல அடுக்கு சிப்ஸ் உறைக்குப் பெரும்பாலும் இல்லை. யாரும் வாங்காமல் குப்பைமேட்டுக்குப் போகும் மிச்சக் குவியலும் பார்வை மேடையிலிருந்து தெரிய வேண்டும். எத்தனை டன் மிஞ்சியது, எங்கே போகிறது என்ற பலகையையும் அங்கேயே மாட்டலாம்.