மருத்துவக் கல்வியின் மொழியும் மக்கள் நலமும்

வளரும் நாடுகளின் மக்கள் நலத்தை ஆராயும்போது, மருத்துவர்களின் எண்ணிக்கையை மட்டும் நாம் நோக்குதல் போதாது. அவர்கள் எங்குப் பணிபுரிகின்றனர், எம்மொழியில் பயின்றனர் என்பனவும் கருதத்தக்கன. இதற்கு 19-ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் தக்க சான்றாகும்.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு அகலக் கண்ட அவர், 1860-களில் தமிழிலேயே கற்பிக்கலானார். பாடநூல் இல்லாக் குறையை அவரும் மாணாக்கரும் மொழிபெயர்ப்பால் நிரப்பினர். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) ஆகியன அவற்றுட் சில. அறுவை மருத்துவம், உடற்கூற்றியல், வேதியியல் என இன்று நாம் வழங்கும் துறைகளே இவை.

1873-இல் கிறீன் தாயகம் திரும்பியபின் இம்முயற்சி நிலைபெறவில்லை. எனினும் அவர் கண்ட சிக்கல் தீர்ந்தபாடில்லை. வளரும் நாடுகள் பலவற்றில் மருத்துவர்கள் இன்றும் நகரங்களிலேயே செறிந்துள்ளனர். மொழி ஒன்றே இதற்குத் தீர்வாகாது. உலகளாவிய ஆய்வுத் தொடர்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்னும் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நோய்த்தடுப்பு அறிவு சிற்றூர்களைச் சென்றடைய, மருத்துவ மாணவர் அதனை மக்கள் மொழியில் விளக்கவும் பயிலுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.