காஸ்டிக்கின் பலம் எவ்வளவு? தொட்டியடியில் நிற்பவருக்கு ஒரு கணக்கு

பருத்தித் துணிக்குப் பட்டுப் போன்ற மினுமினுப்பைத் தருவது "மெர்சிரைசிங்". காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தி சுருங்கித் தடிப்பதை 1844-ல் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மெர்சர். 1850-ல் அவர் காப்புரிமை பெற்றார்.

கரைசலின் பலம் குறைந்தால் துணி மங்கிவிடும். முதலில் பேச்சு வாங்குபவர் தொட்டியடியில் நிற்கும் தொழிலாளிதான். "மானி சரியாகத்தானே காட்டியது!" என்பார் அவர். அவர் சொல்வதும் உண்மையே.

மானி ஏன் ஏமாற்றுகிறது?

கரைசலில் மிதக்கவிடும் மானி அடர்த்தியை மட்டுமே காட்டும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுக் காஸ்டிக்கில் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். அது மினுமினுப்புக்கு உதவாது. ஆனால் மானி அதையும் சேர்த்தே காட்டும்.

அமிலம் சொல்லும் உண்மை

தொட்டிக் கரைசல் 10 மி.லி. எடுத்து, வாலை வடிநீர் சேர்த்து 500 மி.லி. ஆக்குங்கள். இது 50 மடங்கு நீர்த்தது. அதில் 20 மி.லி. அளந்து, இரண்டு சொட்டு பீனால்ப்தலீன் விட்டால் ரோஜா நிறம் வரும். பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் மறைய 24 மி.லி. ஆனது என்று வைத்துக்கொள்வோம்.

24-ஐ 0.1-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 0.12 நார்மல். 50-ஆல் பெருக்கினால் 6 நார்மல். காஸ்டிக்கின் சமான எடை 40. ஆக, லிட்டருக்கு 240 கிராம்.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. நிறம் மறையும்போது கார்பனேட்டும் பாதி அமிலத்தைக் குடித்திருக்கும். அதே குடுவையில் மெதில் ஆரஞ்சு சேர்த்து, மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும்வரை அமிலம் விட்டால், மீதிப் பாதி தெரிந்துவிடும். அது 1 மி.லி. என்றால், முந்திய 24-லும் 1 மி.லி. கார்பனேட்டின் பங்கு. அதைக் கழித்தால் காஸ்டிக்குக்கு 23 மி.லி. மட்டுமே. அதாவது லிட்டருக்கு 230 கிராம். பட்டறைக்குத் தேவை 240 என்றால், 10 கிராம் குறைவு!

எச்சரிக்கை

கரைசலை வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே டாக்டரை அழையுங்கள்.

ஒவ்வொரு ஷிப்டிலும் தேதி, நேரம், இரண்டு அளவுகள் ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். துணி மங்கிய அன்று மேஸ்திரியிடம் காட்ட அந்த நோட்டு கையில் இருக்கும்.